வாய்ச்சொல்லில் இருந்து மூன்றாம் புத்தகத்துக்கு: சென்னை மாகாணத்தில் உயிலும் வழக்கும்

'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்தது. மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட முறையில் பரம்பரைச் சொத்து பிறப்பிலேயே மகனைச் சேர்ந்துவிடும். தனக்குப் பின் யாருக்கு என்று தகப்பன் எழுதிவைக்க அங்கே இடம் குறைவு. கும்பினி நீதிமன்றங்களுக்கு உயில்கள் வரத் தொடங்கியபோது குழப்பம் இங்கேதான் பிறந்தது. இந்து சாஸ்திரத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கே உயில் செல்லும் என்றது சென்னை மாகாணத்தின் 1829ஆம் ஆண்டு 5ஆம் ஒழுங்குவிதி. நாகலட்சுமி அம்மாள் - கோபு நடராஜ செட்டி வழக்கில் 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில், இந்துவுக்கு உயில் எழுதும் உரிமை உண்டு என்பதை ஏற்றது.

உரிமை வந்துவிட்டது, அதை எப்படி எழுத வேண்டும் என்ற விதி வரவில்லை. சாகும் தறுவாயில் நாலு பேர் முன் சொன்ன வாய்ச்சொல்லும் உயில்தான். கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் வழக்கு.

இதைத் தடுக்க வந்த முதல் பெரிய முயற்சி 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம். உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையொப்பமிட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். ஆனால் வங்காளப் பகுதிகளைத் தவிர்த்தால், அது செல்லுபடியானது சென்னை, பம்பாய் ஆகிய இரு நகரங்களின் எல்லைக்குள் எழுதப்பட்ட உயில்களுக்கும் அங்குள்ள மனை, வீடு பற்றிய உயில்களுக்கும்தான். மயிலாப்பூர்க்காரர் இரண்டு சாட்சிகளைத் தேட வேண்டியிருந்தபோது, தஞ்சாவூர் மிராசுதார் தன் ஊர் நிலத்தை வாய்வார்த்தையாகவே கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. ஓரிரு ஆண்டுகள் அல்ல, அரை நூற்றாண்டுக்கு மேல் இதே நிலைதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்து, 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் இந்து உயில்கள் அனைத்துக்கும் எழுத்தையும் சாட்சியையும் கட்டாயமாக்கிய பிறகே இந்தக் கோடு அழிந்தது. அப்போதும் முழுதாக அழியவில்லை: சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும் நகரச் சொத்துக்கும் மட்டும் நீதிமன்றத்தில் புரொபேட் என்னும் உயில் மெய்ப்புச் சான்று பெற வேண்டும் என்ற விதி, பழைய எல்லையை அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தொடர வைத்தது.

எழுதும் முறை சரியாக இருந்தாலும், கொடுக்கும் சொத்து தன்னுடையதா என்பது வேறு கேள்வி. பிரியாத குடும்பத்தில் ஒரு பங்காளி தன் பங்கை உயில் எழுத முடியாது என்று 1874இல் சென்னை உயர் நீதிமன்றம் விட்டல பட்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர் மூச்சு நின்ற கணத்திலேயே பங்கு மற்றவர்களுக்குப் போய்விடுகிறது; உயில் பேசத் தொடங்கும்போது அதன் கையில் எதுவும் இல்லை. இந்தத் தடையை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நீக்கியது. அந்தச் சட்டம் திறந்துவிட்டது தன் பங்கை மட்டும்தான். குடும்பச் சொத்து முழுவதையும் ஒரே மகனுக்கு எழுதும் தகப்பன்மார் இன்றும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எழுத்து கட்டாயமானதும் சண்டை சாட்சிக் கூண்டுக்கு இடம் மாறியது. சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால், அவரை அழைத்து விசாரிக்காமல் உயிலை நிரூபிக்க முடியாது. எழுதியவரை விட மூத்த இருவரைச் சாட்சியாக வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது அவர்களும் காலமான பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவரும்.

சூழ்நிலையையும் சேர்த்து எடைபோட வைத்தது மைசூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வந்த வெங்கடாசல ஐயங்கார் - திம்மஜம்மா வழக்கு. 1958 நவம்பரில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு, சந்தேகம் தரும் சூழ்நிலைகளை எடுத்துச் சொன்னது: நடுங்கிய கையொப்பம், தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான பங்கீடு, பெரும்பயன் அடைபவரே உயில் எழுதும் வேலையில் முன்னின்றது. இந்தச் சந்தேகங்களைத் தீர்க்கும் சுமை உயிலைக் கொண்டுவருபவருடையது. பதிவு செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையையும் உச்ச நீதிமன்றம் 1961இல் பூர்ணிமா தேவி வழக்கில் தகர்த்தது. சார்பதிவாளரின் முத்திரை மட்டுமே சந்தேகத்தைப் போக்கிவிடாது. இன்று பத்திர எழுத்தர்கள் மருத்துவரைச் சாட்சியாக வைக்கச் சொல்வதும், ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தால் அதன் காரணத்தை உயிலிலேயே எழுதச் சொல்வதும் இந்தத் தீர்ப்புகளுக்கு விடைதான்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி உண்டு. பதிவு கட்டாயமல்ல, விரும்பினால் உயிலை முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்பப் பெறலாம். உயில் எழுதியவர் இறந்த பிறகு யாரேனும் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, உயில் 3ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படும். அசல் பதிவாளரிடமே இருக்கும். உயில்களுக்கான அந்தப் புத்தகத்தை வேறு சில பதிவேடுகளைப் போல யாரும் பார்வையிட முடியாது. பதிவு செய்த உயிலானாலும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல் கிடைக்கும். தம்பிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தேடி வரும் அண்ணன், தகப்பனார் இருக்கும்வரை அந்த அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.