எழுத்தறிவும் சாலையறிவும்: ஓட்டுநர் உரிமத்தின் அறிவுத்தேர்வு குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

கியருள்ள மோட்டார் சைக்கிளுக்கான பழகுநர் உரிமம் பெறுவதற்காகச் சில மாதங்களுக்கு முன் வட இந்திய நகரொன்றின் போக்குவரத்து அலுவலக வாயிலில் காத்திருந்தேன். கையில் வினாவிடைக் கையேடு ஒன்று இருந்தது. அருகிலிருந்த நடைபாதைக் கடையில் வாங்கியது. பக்கத்தில் நாற்பது வயதை நெருங்கிய ஒருவர் அமர்ந்திருந்தார். பல்லாண்டுகள் லாரியில் கிளீனராக இருந்தவர். ஓட்டுநராக வேண்டும் என்னும் முடிவோடு வந்திருந்தார். முதலில் இலகுரக வாகன உரிமம், ஓராண்டு கழித்துக் கனரக உரிமம் என்பது அவர் திட்டம். அவருடைய மகள், பள்ளிச் சிறுமி, அதே கையேட்டை இந்தியில் உரக்க வாசித்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டு, "இரண்டாவது விடை", "மூன்றாவது விடை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

போக்குவரத்துக் குறிகளின் பக்கம் வந்தபோது கையேட்டைத் தாமே வாங்கிக்கொண்டார். எவரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு வினா வந்தது: காவலர் இல்லாத ரயில்வே கடவை நெருங்கும்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? வண்டியை நிறுத்தி, இறங்கிச் சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என உறுதிசெய்ய வேண்டும் என்று மகள் விடையை வாசித்தாள். அவர் சிரித்தார். "ஓட்டுநர் எங்கே இறங்குவார்? இத்தனை வருஷமாக நான்தானே இறங்கினேன்" என்றார்.

சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, அத்தகைய கடவுகளில் நடத்துநரோ கிளீனரோ உதவியாளரோ வண்டியிலுள்ள வேறொருவரோ முன்னே நடந்து சென்று பார்த்து, வண்டியைக் கடத்திவிட வேண்டும் என்கிறது. அப்படி எவரும் இல்லாதபோதுதான் ஓட்டுநர் இறங்க வேண்டும். சட்டத்தின் ஒரு பிரிவைத் தம் கால்களால் அறிந்திருந்த மனிதர், அதே பிரிவு பற்றிய வினாவை வாசிக்க மகளின் துணையை நாடியிருந்தார். இந்த முரண் எவ்வாறு உருவானது என்பதே இக்குறிப்பின் பொருள்.

போக்குவரத்துக் குறிகளின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். 1909-இல் பாரிஸில் கையெழுத்தான மோட்டார் வாகனப் போக்குவரத்து உடன்படிக்கை நான்கு எச்சரிக்கைக் குறிகளை ஏற்றுக்கொண்டது: மேடுபள்ளம், வளைவு, ரயில்வே கடவு, சாலைச் சந்திப்பு. எல்லை கடந்து வரும் ஓட்டுநருக்கு அந்நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இவற்றின் அடிப்படை. 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை இதனை ஒரு முழுமையான குறியீட்டு முறையாக விரித்தது; இந்தியா 1980-இல் அதில் இணைந்தது. நம் நாட்டுக் குறிகளுக்கான நெறிமுறையை வகுப்பது 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேராயம். வட்டம் கட்டளையையும், முக்கோணம் எச்சரிக்கையையும், செவ்வகம் தகவலையும் உணர்த்தும். ‘நில்’ குறிக்கு எண்கோணமும், ‘வழிவிடு’ குறிக்குத் தலைகீழ் முக்கோணமும் வழங்கப்பட்டன. எழுத்து அழிந்தாலும் வடிவம் பேச வேண்டும் என்பதே இதன் தருக்கம். ஆக, சாலையின் மொழி எழுத்தறியாதவரையும் அயல்மொழியாளரையும் உள்ளடக்கியே வளர்ந்தது.

உரிமத்தின் வரலாறு வேறொரு தடத்தில் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் வங்காளம், பம்பாய் முதலிய மாகாணங்கள் தனித்தனியே மோட்டார் சட்டங்களை இயற்றின. அவற்றுக்குப் பதிலாகப் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் வந்தது 1914-ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது, உரிமமின்றி ஓட்டலாகாது என்பவை அதன் மையக் கட்டளைகள். நுணுக்கமான விதிகளை வகுக்கும் பொறுப்பு மாகாண அரசுகளுக்கு விடப்பட்டது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் திட்டவட்டமானது. ஓட்டுதிறன் தேர்வு, போக்குவரத்துக் குறிகள், ஓட்டுதல் விதிகள் ஆகியவை அதன் இணைப்பட்டியல்களிலேயே இடம்பெற்றன. சொந்த வண்டி ஓட்டுபவரையும் கூலிக்கு ஓட்டுபவரையும் அச்சட்டம் வேறுபடுத்தியது. ஊதியம் பெற்று ஓட்டுபவருக்கு உரிமத்தில் தனி அனுமதி வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். கூலி ஓட்டுநர்மீது கூடுதல் கண்காணிப்பு என்னும் இக்கோட்பாடு இன்றுவரை தொடர்கிறது.

இன்றைய தேர்வின் வடிவம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின் 11-ஆம் விதியிலிருந்து வருகிறது. பழகுநர் உரிமம் கோருபவர் நான்கு பொருள்களில் போதிய அறிவு உடையவர் என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்கு நிறைவு ஏற்பட வேண்டும்: குறிகளும் சாலை விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், காவலர் இல்லாத ரயில்வே கடவில் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை, உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். கொள்குறி வினாக்கள் கேட்கப்பட வேண்டும் என்றும், அவற்றில் 60 சதவீதத்துக்குச் சரியான விடை அளிப்பதே ‘போதிய அறிவு’ என்றும் அவ்விதியின் ஓர் உட்பிரிவு வரையறுக்கிறது.

இந்நான்கையும் ஒரு வரலாற்று மாணவர் ஆவணமாகவே வாசிக்கலாம். ஒவ்வொன்றின் பின்னும் நம் சாலைகளின் அச்சம் ஒன்று இருக்கிறது. விபத்துக் கடமைகளைக் கூறும் 134-ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க நியாயமான முயற்சிகள் அனைத்தையும் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் கூட்டத்தின் சினத்தாலோ தம் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாமற்போனால் விலக்கும் தருகிறது. விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநருக்கு என்ன நேரக்கூடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட அரிய இடம் இது.

ரயில்வே கடவு பற்றிய வினாவும் அத்தகையதே. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், காவலர் இல்லாத கடவு ஒன்றில் பள்ளி வேன்மீது ரயில் மோதிப் 13 குழந்தைகள் மாண்டனர். அகல ரயில்பாதைகளில் இருந்த காவலர் இல்லாத கடவுகள் அனைத்தும் 2019 ஜனவரி இறுதிக்குள் அகற்றப்பட்டன. வினாவோ கையேட்டில் நிலைத்துவிட்டது. வினாத்தொகுப்புகள் மெல்லவே மாறுபவை. சாலையிலிருந்து மறைந்துபோன ஆபத்துகளின் சுவடுகளையும் அவை சுமந்து நிற்கின்றன.

எழுத்தறிவு இத்தேர்வோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டது 2007-இல். போக்குவரத்து வாகன உரிமத்துக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை மத்திய அரசு விதிக்கலாம் என்பதற்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடமளித்திருந்தது. அதன்படி, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என 2007-இல் திருத்தப்பட்ட 8-ஆம் விதி கூறியது. முன்னரே உரிமம் பெற்றிருந்தோரின் புதுப்பித்தலுக்கு விலக்கு உண்டு. புதிதாக வருவோருக்கு இல்லை. சொந்தக் கார் ஓட்டுபவரிடமோ மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரிடமோ எவரும் பள்ளிச் சான்றிதழ் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே சாலை, ஒரே குறிகள். ஆயினும் ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவரிடம் மட்டும் சான்றிதழ் கோரப்பட்டது.

2019-இல் இவ்விவகாரம் சில வாரங்களுக்குள் இரு எதிர்த்திசைகளில் இழுக்கப்பட்டது. கனரக வாகன உரிமம் தொடர்பான வழக்கொன்றில் அவ்வாண்டு மே மாதம் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், எழுத்தறியாதவர்களுக்கு எவ்வகை ஓட்டுநர் உரிமமும் வழங்கலாகாது என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. சாலையோர எச்சரிக்கைகளைப் படிக்க இயலாதவர் பாதசாரிகளுக்கு ஆபத்து என்பது அதன் காரணம். ஜூன் 18 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கல்வித் தகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. மேவாத் பகுதி மக்களுக்காக ஹரியாணா அரசு விடுத்த வேண்டுகோளை அமைச்சகம் சுட்டியது; நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை எனவும் குறிப்பிட்டது. மேவாத் மாவட்டத்தின் எழுத்தறிவு 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 54 சதவீதம். தலைமுறைகளாகப் பலருக்கு லாரி ஓட்டுவதே தொழில். அவ்வாண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் 9-ஆம் பிரிவிலிருந்து கல்வித் தகுதியை நீக்கியது. 8-ஆம் விதியும் கைவிடப்பட்டது.

உயர்நீதிமன்றத்தின் கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ‘பாலம் பழுது, மாற்றுப்பாதையில் செல்க’ என்னும் அறிவிப்புக்கு வடிவமொழி போதாது. அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநர், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள இந்திய மொழி ஒன்றையேனும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்று 9-ஆம் விதி கேட்கிறது. அது நியாயமானது; அங்கே வாசிப்பு அவ்வேலையின் ஓர் உறுப்பு. அமிலம் நிறைந்த தாங்கி லாரியின் அவசரகாலக் குறிப்பைப் படிக்க இயலாதவர் பிறர் உயிரோடு விளையாடுகிறார். எட்டாம் வகுப்புச் சான்றிதழோ அவ்வாறு வேலையிலிருந்து பிறந்த தேவை அன்று. அது வாசிப்பை அளக்கவில்லை. பள்ளியில் எத்தனை ஆண்டு இருக்க முடிந்தது என்பதை அளந்தது. எந்த வேலைக்கு எவ்வளவு வாசிப்பு தேவை என்று கேட்பது பாதுகாப்பு. வேலையைப் பாராமல் சான்றிதழ் கேட்பது விலக்கல்.

இனி, கற்றோர் பக்கம் திரும்புவோம். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்கள் அனைவரும் தம் பிழையால் இறந்தனர் என்று இதற்குப் பொருளன்று. சாலையும் பிற வண்டிகளும் அக்கணக்கில் உள்ளன. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கான அறிவுத்தேர்வு நம்மில் பலருக்கு அரைமணி நேரச் சடங்காகிவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்ற ஒருவர் முந்தின நாள் இரவு கையேட்டைப் புரட்டி, 60 சதவீதத்தைக் கடந்துவிடுகிறார். வாசிப்புத்திறன் அவரைக் காப்பாற்றுகிறது. சாலையறிவு அங்கே சோதிக்கப்படவேயில்லை. நானும் அப்படித்தான் தேர்ந்தேன்.

பிரித்தானியாவின் வரலாறு இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கே 1935 ஜூன் முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விதியறிவைத் தேர்வாளர் வாய்மொழியாகவே கேட்டறிந்தார். தனி எழுத்துத் தேர்வு 1996-இல்தான் வந்தது. வாய்மொழி வினாவில் அதிகாரியின் மனச்சாய்வுக்கும் கையூட்டுக்கும் இடமுண்டு. கொள்குறி வினா அவற்றைக் குறைத்தது. அதன் விலையாக, ‘ஏன்’ என்னும் கேள்வி தேர்விலிருந்து வெளியேறியது. ஆதார்வழி அடையாளம் உறுதிசெய்து, பழகுநர் தேர்வை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் வசதி 2021 முதல் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் அதிகாரியும் விண்ணப்பதாரரும் முகம் பார்த்துக் கேட்டறியும் கடைசி வாய்ப்பும் அதனோடு குறைகிறது.

எனவே தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டின் ஒவ்வொரு வினாவையும், இதை யார் எந்தச் சாவுக்குப் பின் எழுதியிருப்பார்கள் என்று கேட்டுப் படியுங்கள். பாதசாரிகள் கடக்கக் காத்திருக்கும்போது ஒலியெழுப்பிச் செல்வதா, நிறுத்துவதா? குறுகிய பாலத்தில் எதிரே ஒரு வண்டி நுழையும்போது யார் காத்திருப்பது? விடை தெரிந்தால் மதிப்பெண் வரும். காரணம் தெரிந்தால் பழக்கம் வரும். ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நடைபாதைக் கையேடுகளை நூலகங்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பழைய பதிப்புகள் உங்கள் வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள். அரசு தன் குடிமக்களிடம் சாலையில் எதை எதிர்பார்த்தது என்பதன் சான்றுகள் அவை.

அன்று என் பெயர் முதலில் அழைக்கப்பட்டது. நான் எழுந்தபோது அந்த மனிதர் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: இரவில் தண்டவாளத்தருகே சென்றால் முதலில் விளக்கைத் தேடக்கூடாது, காதைத் தீட்டி நிற்க வேண்டும், தண்டவாளம் முன்னதாகவே சொல்லிவிடும் என்று. கையேட்டில் அவ்விடை இல்லை. சிறுமி அதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.