களைச்செடிகளின் உருவங்கள்: கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட்டின் அண்மை ஒளிப்படங்கள்

கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் (1865–1932) பெர்லின் நகரில் பணியாற்றிய ஜெர்மானியக் கலைத்தொழில் ஆசிரியர். தாவரங்களை மிக அருகிலிருந்து எடுத்த ஒளிப்படங்களுக்காக இன்று அறியப்படுகிறார். ஆனால் அவர் ஒளிப்படக்கலை பயின்றவர் அல்லர். கலைப்படைப்பாக எண்ணி அவற்றை எடுக்கவும் இல்லை.

ஹார்ஸ் மலைப்பகுதியில் பிறந்த ப்ளாஸ்ஃபெல்ட், இளமையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் தொழில் பழகினார். இரும்புக் கதவுகளிலும் கைப்பிடிகளிலும் அமையும் இலை, கொடி அலங்காரங்களுக்கு அச்சு உருவாக்குவது அங்கிருந்த வேலைகளுள் ஒன்று. பின்னர் பெர்லினில் பயின்று, மோரிட்ஸ் மோய்ரர் என்ற ஆசிரியருடன் இத்தாலி சென்று தாவர மாதிரிகளைச் சேகரித்தார். 1890களின் இறுதியில் பெர்லின் கலைத்தொழில் பள்ளியில் ஆசிரியரானார். உயிருள்ள தாவரங்களைப் பார்த்து மண்ணிலும் சாந்திலும் உருவம் சமைப்பது அவர் நடத்திய பாடம்.

செடி வாடிவிடும், மொட்டின் நுனியோ வகுப்பறையின் கடைசி வரிசைக்குத் தெரியாது. இந்த இரண்டு இடர்களுக்கும் விடையாகவே ஒளிப்படம் வந்தது. தானே அமைத்த எளிய கேமராவில், கண்ணாடித் தகடுகளில், இயல்பான பகல் வெளிச்சத்தில், வெறும் அட்டையைப் பின்புலமாக வைத்துப் படமெடுத்தார். உருவங்கள் இரண்டு மடங்கு முதல் நாற்பத்தைந்து மடங்கு வரை பெரிதாயின. பூக்கடைப் பூக்களை அவர் நாடவில்லை. ரயில் பாதையோரத்திலும் சாலையோரத்திலும் முளைத்த களைகளே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. பூசணிக் கொடியின் பற்றுக்கம்பி இரும்புக் கிராதியின் சுருள் போலவும், விரியாத பெரணியின் இலை ஆயரின் செங்கோல் போலவும் தோன்றின. காலடியில் கிடந்ததைக் கட்டடம் போல் நிமிர்ந்து பார்க்க வைப்பதுதான் இப்படங்களின் முதல் இன்பம். முப்பதாண்டுகளில் சுமார் 6,000 படங்கள் சேர்ந்தன.

பள்ளிக்கு வெளியே அவை தெரியவந்தது மிகத் தாமதமாகத்தான். பெர்லின் கலைக்கூட உரிமையாளர் கார்ல் நீரன்டோர்ஃப் 1926இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1928இல் 120 படங்களுடன் ‘கலையின் மூல வடிவங்கள்’ என்னும் பொருள்படும் ஜெர்மன் தலைப்பில் நூல் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது.

நூல் விரைவில் புகழ்பெற்றது. அதை வாசித்த விதமோ ஒன்றாக இல்லை. இயற்கையும் கலையும் ஒரே ஒழுங்கின் இரு முகங்கள் என்பதற்கு நீரன்டோர்ஃப் இதைச் சான்றாகக் கொண்டார். வால்டர் பெஞ்சமின் அதே ஆண்டில் எழுதிய மதிப்புரையில், ஈக்விசிட்டம் தண்டில் பழங்காலத் தூண்களைக் கண்டார். உருப்பெருக்கம் நாம் அறியாத ஓர் உலகைத் திறக்கிறது என்பது அவர் கருத்து. பாரிஸில் ஜார்ஜ் பத்தாய் 1929இல் இதே படங்களைத் தன் கட்டுரையுடன் வெளியிட்டு, மலரின் அழகு அழுகலிலிருந்து பிரிக்க முடியாதது என்று நேரெதிராக வாதிட்டார். வகுப்பறைக் கருவி ஒன்று இத்தனை சுமையைத் தாங்கியது வியப்புதான்.

இயற்கையின் சாட்சியம் என்று இப்படங்களை அப்படியே ஏற்பதற்கும் ஒரு தடை உண்டு. வடிவம் தெளிவாகத் தெரிவதற்காகச் செடியின் வேண்டாத இலைகளையும் கிளைகளையும் ப்ளாஸ்ஃபெல்ட் நறுக்கினார். கண்ணாடித் தகடுகளிலும் கைத்திருத்தம் செய்தார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1885 முதல் பனித்துகள்களைப் படமெடுத்த விவசாயி வில்சன் பென்ட்லியும், கரிய பின்புலம் பெறுவதற்காக நெகட்டிவில் துகளைச் சுற்றிச் சுரண்டியவரே. அறிவியல் பதிவில் இது குறையாகக் கருதப்படலாம். மாணவருக்கு வடிவத்தைக் காட்ட எடுத்த படத்தில் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுத்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை.

ப்ளாஸ்ஃபெல்ட் 1930இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து, அதன் வளைவுகளில் ஒளி வழியும்படி தன் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். அங்கே நிழலும் பளபளப்புமே பொருள். ப்ளாஸ்ஃபெல்ட்டின் படங்களில் அந்த நாடகம் இல்லை. 1932இல் வெளிவந்த இரண்டாம் நூலிலும், அவர் இறந்த அந்த ஆண்டிலும்கூட, படத்துக்கான குறிப்பு தாவரத்தின் பெயரும் எத்தனை மடங்கு என்ற எண்ணும் மட்டுமே.