இன்ஃபிளேம் (ஆங்கில வினைச்சொல்)

இன்ஃபிளேம் என்பது உணர்ச்சியைத் தூண்டி எழுப்புதல், தீப்பற்றச் செய்தல், உடலின் ஒரு பகுதியை அழற்சியுறச் செய்தல் ஆகிய பொருள்களைத் தரும் ஓர் ஆங்கில வினைச்சொல் ஆகும். இவற்றுள் முதற்பொருளே இன்று பெருவழக்காக உள்ளது.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் 'ஃபிளம்மா' என்பது தீச்சுடரைக் குறிக்கும். இதனுடன் 'உள்ளே' எனப் பொருள்படும் 'இன்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து 'இன்ஃபிளம்மாரே' என்னும் வினை உருவானது. தீ மூட்டுதல், உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்தல் ஆகிய இரு பொருள்களும் இலத்தீனிலேயே இதற்கு இருந்தன. இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. தொடக்கத்தில் 'என்' என்னும் முன்னொட்டுடனும் எழுதப்பட்டது. 16ஆம் நூற்றாண்டு முதல் இலத்தீன் வடிவத்தை ஒட்டிய 'இன்' என்னும் எழுத்துமுறை நிலைபெற்றது.

பொருள்கள்

உள்ளம்: ஆங்கிலத்தில் முதலில் பதிவானது உருவகப் பொருளே ஆகும். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைப்பற்று, நற்பண்பு, வேட்கை போன்றவற்றால் உள்ளத்தைப் பற்றியெரியச் செய்தல் என்ற பொருளில் இது வழங்கியது. இன்று சினம், பகை, பதற்றம் போன்றவற்றை மேலும் வளர்த்தல் என்ற பொருளிலேயே மிகுதியாக ஆளப்படுகிறது. கலகத்தைத் தூண்டும் பேச்சு 'இன்ஃபிளாமட்டரி' பேச்சு எனப்படுகிறது.

பொருட்கள்: தீப்பற்றச் செய்தல் என்னும் நேர்ப்பொருள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவானது. வினைச்சொல்லைப் பொறுத்தவரை இது இன்று அருகிவிட்டது.

உடல்: அழற்சியுறச் செய்தல் என்னும் மருத்துவப் பொருள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எனினும் இவ்வுருவகம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய எழுத்தாளர் செல்சசு, வெப்பம், வலி, வீக்கம், சிவத்தல் ஆகிய நான்கையும் அழற்சியின் அறிகுறிகளாகக் குறிப்பிட்டுள்ளார்.

தொடர்புடைய சொற்கள்

'கிண்டில்' என்பது பழைய நோர்சு மொழியிலிருந்து வந்தது. சிறு நெருப்பை மூட்டுதலையும், ஆர்வம் அல்லது அன்பு அரும்பச் செய்தலையும் குறிக்கும். 'இன்சென்சு' என்பதும் எரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. எனினும் வினையாக வரும்போது பெரும்பாலும் கடுஞ்சினம் ஊட்டுதலையே குறிக்கும். பெயர்ச்சொல்லாக வரும்போது நறுமணப் புகைப்பொருளைக் குறிக்கும். இன்ஃபிளேம் என்பதோ காதல், சினம், பகை என எவ்வுணர்ச்சிக்கும் பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் உணர்ச்சியைப் பெருக்குதலையும் அது குறிக்கும்.

முன்னொட்டால் ஏற்பட்ட குழப்பம்

இவ்வினையோடு தொடர்புடைய 'இன்ஃபிளாமபிள்' என்னும் பெயரடை 'எளிதில் தீப்பற்றக்கூடிய' எனப் பொருள்படும். ஆனால் ஆங்கிலத்தில் எதிர்மறைப் பொருள் தரும் மற்றொரு 'இன்' முன்னொட்டும் உண்டு. எடுத்துக்காட்டாக, 'இன்விசிபிள்' என்றால் 'கண்ணுக்குப் புலப்படாத' என்று பொருள். இதனால் எரிபொருள் கலன்களில் 'இன்ஃபிளாமபிள்' என்று எழுதப்பட்டிருப்பதைத் 'தீப்பற்றாத' எனத் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. எச்சரிக்கைச் சொல்லே விபத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது என்பதற்காக, முன்னொட்டு இல்லாத 'ஃபிளாமபிள்' என்னும் சொல் பரிந்துரைக்கப்பட்டது. இச்சொல் 1813ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருந்தது. 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமும், 1959இல் பிரித்தானியத் தர நிறுவனமும் இதன் பயன்பாட்டை வலியுறுத்தின. இன்று எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃபிளாமபிள்' என்பதே பெரிதும் இடம்பெறுகிறது. எனினும் இரு சொற்களின் பொருளும் ஒன்றே. தீப்பற்றாத பொருளைக் குறிக்க 'நான்ஃபிளாமபிள்' என்ற சொல் பயன்படுகிறது.

தமிழில்

தமிழிலும் நெருப்பும் உணர்ச்சியும் ஒரே சொற்களால் குறிக்கப்படுவதுண்டு. 'மூட்டு' என்னும் வினை 'தீ மூட்டு', 'சினமூட்டு' என இரு வகையிலும் வரும். 'அழல்' என்பது நெருப்பைக் குறிக்கும். 'அழலுதல்' எரிதலையும் சினத்தலையும் குறிக்கும். மருத்துவத்தில் வழங்கும் 'அழற்சி' என்னும் சொல்லும் இதன் அடியாகப் பிறந்ததே. எனவே இன்ஃபிளேம் என்பதை மொழிபெயர்க்கும்போது, இடத்திற்கேற்பக் 'கிளர்ந்தெழச் செய்', 'சினமூட்டு', 'அழற்சியுறச் செய்' முதலியவற்றுள் பொருத்தமானதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

அழற்சி
உருவகம்
சொற்பிறப்பியல்