நிலப்படமும் திருக்கோயில் நிலமும்

வாணி பாடிப் பரவிய தலமாதலின் வாணியம்பாடி எனப் பெயர் எய்திற்று என்பது அதிதீசுவரப் பெருமான் திருக்கோயிலின் வழிவழி மரபு. பாலாற்றங்கரையில் இவ்வூர் பெயராது நிற்க, நிலப்படங்களில் அதன் மாவட்டம் மட்டும் பலகால் மாறிற்று.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இவ்வூர் அடங்கிய பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு துரையும் அவர்தம் துணைவர் தாமசு மன்றோவும் அந்நாட்டு வயல்களை அளப்பித்துத் தீர்வை விதித்தனர். பின்னர்ச் சேலம் மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தில் இருந்த வாணியம்பாடி, 1911-இல் அவ்வட்டத்தோடு வடஆர்க்காட்டைச் சார்ந்தது. பிற்காலத்தில் வேலூர் மாவட்டத்துள் அமைந்து, 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்தினதாயிற்று.

ஆதலின், கோயில் மானியத்தின் பழைய எல்லையைத் தேடுவோர் வேலூர்ப் பதிவுகளோடு அமைதல் சாலாது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், சேலம் மாவட்டப் பெயரின்கீழும் பழைய படங்களையும் இனாம் பதிவேடுகளையும் ஆராய்தல் வேண்டும். எல்லைக்கல்லைப் பெயர்ப்பார் உளர். வாய்மொழியும் காலத்தால் திரியும். மாவட்டக் கோடு மாறினும், அன்று அளந்த புலத்தின் எல்லை படத்தில் அழியாது நின்று சான்று பகரும்.

கோபுரத்திற்கு வண்ணந்தீட்டிக் குடமுழுக்குக் காணும் அன்பர்கள், இறைவன் நிலத்தின் புலப்படத்திற்கும் படியொன்று பெற்றுத் திருக்கோயிலில் போற்றி வைப்பாராக. அதுவும் அழியாத் திருப்பணியே ஆகும்.