வெலிங்டன்: யார் தேர்ந்த இடம்?

கடல் தாண்டி வேலைக்கு வந்த வெள்ளையர்கள் சுகமான குளிரைத் தேடியே நீலகிரி ஏறினார்கள் என்பது பாதி உண்மைதான். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் பட்டாளத்தை வாரிக்கொண்டு போயின. கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். அதனால் மலைக்காற்றைத் தேடி, 1852-இல் படுகர் ஊரான ஜெகதளாவை ஒட்டிப் பாரக்ஸ் கட்டத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு வெலிங்டன் என்ற பெயர் பிறகு வந்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டதோ 1897-இல். காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டும் இடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

உடல்நலம்தான் நோக்கமென்றால் ஊட்டி போதாதா என்று கேட்கலாம். ஊட்டி இன்னும் உயரம், குளிரும் கூடுதல். தவிர, அது துரைமார்களின் ஊர். கலெக்டர் ஜான் சல்லிவன் தமக்குப் பிடித்த இடத்தில் கல் பங்களா கட்டிக்கொண்டார். சாதாரண சோல்ஜருக்கு அந்த உரிமை ஏது? அவன் வாழும் இடத்தை உத்தரவுதான் முடிவு செய்தது.