அரிவாள் செல் பரிசோதனை: டெக்சாஸின் பாடமும் நீலகிரியின் தேவையும்

நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் பதிவு செய்தனர். தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியதோ 71 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில். தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இதன் இலக்கு. இந்த எண்ணிக்கையை எட்டினாலும் உயிர்கள் காக்கப்பட்டதாகப் பொருளில்லை. பிறந்த குழந்தைக்கு உரிய காலத்தில் மருந்து கிடைத்ததா என்பதே அளவுகோலாக வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பரிசோதனை முகாம்களில் செய்யப்படும் கரைதிறன் சோதனையை எடுத்துக்கொள்வோம். சிறிதளவு ரத்தத்தைக் கரைசலில் கலந்து, குழாயின் பின்னே கோடிட்ட தாளைப் பிடிப்பார்கள். கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் உண்டு. ஆனால் நோயாளியின் ரத்தமும் கலங்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபுக்கூறு பெற்று நலமாக வாழ்பவரின் ரத்தமும் கலங்கும். இருவரையும் பிரித்தறிய எச்.பி.எல்.சி. போன்ற ஆய்வகச் சோதனை வேண்டும். மேலும், கைக்குழந்தையின் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் முதல் ஆறு மாதங்களுக்குக் கரைதிறன் சோதனையை நம்ப இயலாது.

மாறாக, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளுக்கான அரிவாள் செல் பரிசோதனை 1983 முதல் நடைபெறுகிறது. ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் பிறக்கும் குழந்தை தமிழ்க் குடும்பத்தினுடையதோ கறுப்பினக் குடும்பத்தினுடையதோ, குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளிகள் வடிதாளில் ஊறி ஆய்வகம் செல்லும். ஓரிரு வாரத்தில் மறுமுறையும் எடுப்பார்கள். இதன் பயனை 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது: நோயுள்ள குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தபோது கடும் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைந்தது.

எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கும் இந்த நிலைக்கு அமெரிக்கா தடுமாறித்தான் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. மரபுக்கூறு மட்டும் உடையவர்களும் நோயாளிகளாகக் கருதப்பட்டு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டனர். 1972-இன் கூட்டாட்சிச் சட்டம் விருப்பப் பரிசோதனையையும் ஆலோசனையையும் முன்வைத்தது.

இதே அபாயம் இங்கும் உண்டு. இந்தியாவில் திருமணத்தை முன்னிட்டு மரபணு நிலை அட்டைகள் தரப்படுகின்றன. மரபுக்கூறுடைய இருவருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 விழுக்காடு வாய்ப்புண்டு. இதைச் சொல்லத்தான் வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறு சமூகங்களில் அந்த அட்டை விலக்கிவைக்கும் முத்திரையாகிவிடக்கூடும். யார் சொல்கிறார்கள், எங்கே சொல்கிறார்கள் என்பது இங்கே முக்கியம். நீலகிரியின் கூடலூரில் அக்கார்டு தொண்டு நிறுவனமும் 1990 முதல் அஸ்வினி தொண்டு நிறுவனமும் பழங்குடிச் சமூகத்தினரையே சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்துள்ளன. அவர்களைப் போன்றோரிடம் ஆலோசனைப் பணியை ஒப்படைப்பதே தகும்.

நீலகிரியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகால் ரத்தப் பரிசோதனை, நோயுள்ள குழந்தைக்குத் தடையின்றிப் பெனிசிலின், முடிவுகளுக்கு உறுதியான ரகசியக் காப்பு ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு முதலில் உறுதிசெய்ய வேண்டும். அட்டை வழங்கல் அதற்குப் பின்னரே வரலாம்.