ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் (செப்டம்பர் 27, 1805 – மார்ச் 10, 1898) இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்களை நிறுவி நடத்திய கிறித்தவப் போதகர் ஆவார். தமது பணிக்குத் தேவையான பொருளை மனிதர் எவரிடமும் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே ஜெபத்தில் கேட்பது என்னும் கொள்கையை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்தார். கடவுளின் உதவியைச் சார்ந்து வாழ்வதற்கு எடுத்துக்காட்டாகப் புராட்டஸ்தாந்து கிறித்தவர்கள் இவரைப் பெரிதும் குறிப்பிடுவர்.

இளமை

முல்லர் பிரஷ்யாவின் குரோப்பன்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை வரி வசூலிக்கும் அரசு அலுவலர். தந்தையின் பொறுப்பில் இருந்த அரசுப் பணத்தைத் திருடியதையும், விடுதிக் கட்டணம் செலுத்தாமல் ஏமாற்றி 16ஆம் வயதில் சிறை சென்றதையும் முல்லர் பின்னாளில் தாமே எழுதியுள்ளார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றபோது, 1825 நவம்பரில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்திற்குச் சென்றார். அங்கு ஒருவர் முழந்தாளிட்டு ஜெபித்தது இவரது வாழ்வின் திருப்பமாக அமைந்தது. அதுவரை இவர் முழந்தாளிட்டு ஜெபித்ததுமில்லை. பிறர் அவ்வாறு செய்யக் கண்டதுமில்லை.

1829இல் இங்கிலாந்து வந்த முல்லர், மறு ஆண்டு ஒரு சிறிய சபையின் போதகரானார். ஆலய இருக்கைகளுக்குப் பெறப்பட்ட வாடகையிலிருந்து தமக்குக் கிடைத்த சம்பளத்தை அதே ஆண்டில் கைவிட்டார். 1832இல் பிரிஸ்டலில் குடியேறினார்.

அனாதை இல்லங்கள்

கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதைக் கண்கூடாகக் காட்டுவதே இல்லம் தொடங்குவதன் முதல் நோக்கம் என்று முல்லர் எழுதினார். பிள்ளைகளின் நலன் அதற்கு அடுத்த நோக்கமாக இருந்தது. 1835 டிசம்பரில் சங்கீதம் 81:10ஐ வாசித்தபின், ஒரு வீடு, 1,000 பவுண்டு பணம், தகுந்த பணியாளர்கள் ஆகியவற்றைக் கேட்டு ஜெபிக்கத் தொடங்கினார். அத்தொகை சுமார் 18 மாதங்களில் முழுமையாகச் சேர்ந்தது.

1836 பெப்ரவரி 3ஆம் நாள் பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களைப் பெறக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கும் பணத்துக்கும் ஆட்களுக்கும் ஜெபித்த தாம், பிள்ளைகள் வரவேண்டும் என்று ஒருமுறையும் ஜெபிக்கவில்லை என்பதை அப்போது உணர்ந்தார். அவர்கள் தாமாகவே வருவர் என எண்ணியிருந்தார். அன்று மாலை அதற்காக ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. எளிதெனத் தோன்றுவதையும் கேட்டே பெறவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி இவருக்குக் கற்பித்தது.

முதல் இல்லம் 1836 ஏப்ரலில் வில்சன் தெருவில் பெண் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. பின்னர் நகருக்கு வெளியே ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடமிருந்தது. முல்லரின் வாழ்நாளில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவ்வில்லங்களில் வளர்ந்தனர்.

நடைமுறை

முல்லரின் சார்ந்திருத்தல் செயலற்றிருத்தல் அன்று. கடன் வாங்குவதில்லை என்பது அவரது உறுதியான விதி. வரவு செலவுகள் நுணுக்கமாக எழுதப்பட்டன. கேட்டவையும் கிடைத்தவையும் நாட்குறிப்பில் பதியப்பட்டன. 1838 முதல் சில ஆண்டுகள் அன்றாட உணவுக்கே பணம் இல்லாத நாட்கள் பல வந்தன. அந்நாட்களில் பணியாளர்கள் கூடி ஜெபித்ததுடன், தம்மிடம் இருந்ததையும் கொடுத்தனர். எனவே கடவுளின் உதவி பெரும்பாலும் மனிதரின் கைகள் வழியாகவே வந்தது; முல்லர் இதை முரணாகக் கருதவில்லை.

விமரிசனம்

முல்லர் நேரடியாகப் பணம் கேட்காவிட்டாலும், ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளே மறைமுக வேண்டுகோளாக அமைந்தன என்று சிலர் கூறினர். பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியது கடமை என்பது அவர் தரப்பு விளக்கம். 1841 டிசம்பரில் நெருக்கடி மிகுந்திருந்தபோதும், மனிதரை எதிர்பார்ப்பதாகத் தோன்றக்கூடாது என்பதற்காக அறிக்கை வெளியிடுவதைச் சில மாதங்கள் தள்ளிவைத்தார். எனினும், அறிக்கைகளைப் படித்தவர்களில் பலர் நன்கொடையாளர் ஆயினர் என்பதும் உண்மையே.

இறுதிக்காலமும் தாக்கமும்

1875 முதல் 1892 வரை இந்தியா உட்பட 42 நாடுகளுக்குப் பயணம் செய்து போதித்தார். சுமார் 15 இலட்சம் பவுண்டு இவர் கைவழியே சென்றபோதும், இறக்கும்போது இவருக்கென இருந்த உடைமை 200 பவுண்டுக்கும் குறைவே. ஆஷ்லி டவுன் கட்டடங்கள் 1958இல் விற்கப்பட்டன.

முல்லருக்கு முன்னோடியாக விளங்கியது ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவிய அனாதை இல்லமாகும். 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கும் அதே ஹாலேயில் பயின்றவரே. திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் நடத்திய பிள்ளைகள் இல்லமும் மனிதரிடம் பொருள் கேட்பதில்லை என்ற இத்தகைய கொள்கையையே பின்பற்றியது.